தண்ணீர் வைக்காத மேசை

வெளியுறவுத் துறையில் அவளுக்கு 'அளவுகோல்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு இன்ச் டேப் இருக்கும். வெளிநாட்டுத் தூதர் வந்து உட்காரும் அறையில் நாற்காலிக்கும் நாற்காலிக்கும் எவ்வளவு இடைவெளி, கொடி எந்தப் பக்கம், கை குலுக்குவது வாசலிலா மேசையருகிலா என்று முடிவு செய்கிற புரோட்டோகால் பிரிவுக்கு அவள்தான் தலைவி. இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிப்பவர்கள், விருந்தில் நாற்காலி தள்ளிப் போட்டதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நாடுகள் எல்லாம் அந்தச் சித்தப்பா ரகம்தான்.

அந்தத் துறையில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லா அதிகாரிகளுக்கும் மனப்பாடம், ஏனென்றால் இரு நாட்டுக்காரர்களும் ஒரே பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள். தூதரை அழைத்துப் பேசும்போது வாய் சொல்வது இரண்டாம் பட்சம், மேசையில் இருப்பதுதான் முதல். காபியும் பிஸ்கட்டும் இருந்தால் உறவு சுகம். பிஸ்கட் காணாமல் போனால் மனத்தாங்கல். காபியும் போய்த் தண்ணீர் மட்டும் நின்றால் கண்டனம். அந்தத் தண்ணீரும் இல்லாமல் வெறும் மேசை என்றால், இனிப் பேச ஒன்றுமில்லை என்று பொருள். இதற்கெல்லாம் மேலே இன்னொரு படியும் உண்டு: அதிகாரி தன் வீட்டுக்கே தூதரை அழைப்பது. அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதால் யாரும் அந்தப் படியில் ஏறுவதில்லை. வெறும் மேசை போட்டதும் ஒரே ஒரு தடவைதான், அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் காலத்தில். அடுத்த வாரமே போர் வந்தது.

பக்கத்து நாட்டுத் தூதர் ஒரு பெண். துறையில் எல்லோருக்கும் தூதரம்மா. அளவுகோலின் வீட்டுக்காரர் அதே துறையில் பக்கத்து நாட்டுப் பிரிவைப் பார்க்கிறவர். தூதரம்மாவும் அவரும் பயிற்சிக் கல்லூரியில் ஒரே வகுப்பு. இரண்டு நாட்டுக்கும் மொழியும் ஒன்றாகப் போய்விட்டதால் சண்டை போட மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவள் சகித்திருப்பாள். அவர்கள் சிரித்தார்கள்.

மூடிய கதவுக்கு வெளியே நின்று அந்தச் சிரிப்பை அவள் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டில் அவருடைய பேச்சு, மோட்டார் போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா என்ற அளவோடு முடிந்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் சட்டி நிறைய இருக்கிறது, அகப்பைதான் வேறு வீட்டுக்குப் போகிறது.

அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் அரைக் கோப்பைக் காபி, அதுவும் கசப்பாக. கஷாயம் குடிப்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதியை வைத்துவிடுவார். தூதரம்மா வந்துபோன ஒரு நாள் தட்டு திரும்பி வந்தபோது, நம் கொடிப் பக்கத்தில் அவர் குடித்த கோப்பை காலி. அடியில் கரையாத சர்க்கரை. சட்டையில் வாசனை பிடிக்கிற மனைவிமார்கள் உண்டு. இவளுக்குக் கோப்பையின் அடி போதுமானதாக இருந்தது.

"இதுல சர்க்கரை யார் போட்டது?" என்று காபி கொண்டுபோனவரைக் கேட்டாள்.

"தூதரம்மாதான் மேடம். ரெண்டு ஸ்பூன். கேக்காமலே போட்டாங்க."

போட்டதுகூடப் பெரிதில்லை. கேட்காமலே என்ற அந்த ஒரு வார்த்தை அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. அன்று முதல் ஒவ்வொரு தட்டையும் அவளே பரிசோதித்தாள்.

இப்படி இருக்கும்போது எல்லையில் தகராறு. இரு நாட்டுக்கும் நடுவே ஒரு மேடு, யாருக்கும் சொந்தமில்லாதது, புல்கூட ஒழுங்காக முளைக்காதது. அதன்மேல் பக்கத்து நாட்டு ராணுவம் காவல் கோபுரம் கட்டத் தொடங்கியது. நம் ராணுவம் எதிரே கூடாரம் அடித்தது. ஒருவன் வானத்தைப் பார்த்துச் சுட்டான், மற்றவன் பதிலுக்குச் சுட்டான். அந்தக் கூடாரங்களுக்குக் கீழே அடிவார முகாமில் அளவுகோலின் தம்பி இருந்தான். தாயில்லாமல் அவள் கையில் வளர்ந்தவன். அடுத்த வாரம் லீவில் வருவதாக இருந்தான்.

தூதரம்மாவை அழைத்துக் கண்டனம் தெரிவிப்பது என்று முடிவாயிற்று. செயலாளர் அவளைக் கூப்பிட்டு, "தண்ணி மட்டும்" என்றார். கண்டனத்தை வாசிக்கப்போவது அவள் வீட்டுக்காரர்.

அன்று காலையில் அவர் கண்ணாடி முன் இரண்டு டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?"

"கண்டனம் சொல்லத்தானே போறீங்க? பொண்ணு பாக்கவா போறீங்க?"

"என்ன பேச்சு இது. அவங்களுக்கும் கஷ்டம்தான். தன் நாட்டுக்காரன் பண்ற கூத்துக்கு இங்க வந்து நிக்கணும். பாவம்."

அந்தப் பாவத்தை மென்றுகொண்டே அவள் அலுவலகம் போனாள். அறையில் டேப்பை இழுத்து நாற்காலிகளை விலக்கிப் போட்டாள். தன் கையாலேயே இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து மூடினாள். எல்லாம் முறைப்படி. தூதரம்மாவின் கார் வளாகத்துக்குள் நுழைகிற நேரத்தில் அவர் உள்ளே வந்து, டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவருகே நின்ற பணியாளரிடம் சொன்னார்:

"இது ரொம்ப ஜில்லுனு இருக்குப்பா. அவங்களுக்கு ஆகாது, தொண்டை கட்டிக்கும். வெதுவெதுன்னு கொண்டுவா."

கொடியைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் ஜில் தண்ணீர் ஆகாது. வருஷம் முழுக்க இருமுவாள். "ஃபேனைக் குறைச்சுக்கோ" என்பதற்கு மேல் அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பணியாளரை அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கணவர் தூதரம்மாவை எதிர்கொள்ள வாசலுக்குப் போனதும் இரண்டு டம்ளரையும் எடுத்தாள். மாற்றி வைக்கத்தான் எடுத்தாள் என்று யாராவது அவளுக்காகச் சொல்ல வந்தால் நான் நம்பமாட்டேன். எடுத்துக்கொண்டு பின்கதவு வழியாக நடந்தாள், திரும்ப வைக்கவில்லை. தொண்டை காயட்டும், எவ்வளவு காய்கிறதோ காயட்டும் என்று நினைத்தாள். அந்த நிமிஷத்தில் அது அவளுக்கு ஒரு பெண்ணின் தொண்டை. ஒரு நாட்டின் தூதர் என்பது புத்தியில் ஏறவே இல்லை.

பின்கதவின் இடுக்கு வழியே பார்த்தாள். தூதரம்மா உட்கார்ந்து, மேசையைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றது. எதிரே வந்து உட்கார்ந்த கணவர் கையைத் தண்ணீருக்கு நீட்டி, ஒன்றும் இல்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கடைசி நிமிஷத்தில் மேலிடம் முடிவை மாற்றிவிட்டது, தனக்குத்தான் சொல்ல நேரமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். தூதர் முன்னால் எழுந்துபோய் விசாரிக்கவும் முடியாது. மேசை ஒன்றும் வாய் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். ஆகவே கையிலிருந்த கண்டனத்தை, எழுதியிருந்ததைவிடக் கடுமையான குரலில் வாசித்தார். தூதரம்மா எழுந்து நின்று கேட்டார். கை குலுக்காமல் போனார்.

அறை காலியானதும் கணவர் பின்பக்கம் வந்தார்.

"தண்ணிய யார் எடுக்கச் சொன்னது?"

"மேலிருந்து" என்றாள் அவள்.

அந்தத் துறையில் இந்தப் பதிலுக்கு மறுகேள்வி கிடையாது. மேலிருந்து என்றால் மேலிருந்துதான். எந்த மேல் என்று கேட்டவர்கள் தூரத்துத் தீவுகளில் துணைத் தூதராக இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "எனக்குச் சொல்லாமலே பண்ணிட்டாங்க. என்னை நம்பலைன்னுதானே அர்த்தம்? நான் அவங்களோட பழகுறது மேல யாருக்கோ பிடிக்கல போல."

அவள் கசப்புக் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது அவள் கையில் இல்லை. செயலாளர், இது அமைச்சர் உத்தரவு என்று நினைத்தார். அமைச்சர், செயலாளரின் யோசனை என்று நினைத்தார். அதற்குள் செய்தி வெளியே கசிந்து, 'பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை' என்று தொலைக்காட்சிகள் அலறின. தெருவில் ஆட்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் அமைச்சர், அது தன் சொந்த முடிவு என்று மார்தட்டிவிட்டார். இனி அதைத் தவறு என்று சொல்ல யாராலும் முடியாது. பக்கத்து நாடு தன் தூதரையும் தூதரகக் குடும்பங்களையும் ஊருக்குத் திரும்பச் சொன்னது. மேட்டின் அந்தப் பக்கம் பீரங்கிகள் வந்தன.

தம்பி போனில் கூப்பிட்டான். பின்னால் லாரிகளின் இரைச்சல்.

"அக்கா, லீவு எல்லாம் கேன்சல். எங்களை மேட்டுக்கு ஏறச் சொல்லிட்டாங்க. இனிமே போன் இருக்காது."

"டேய், எதுக்குடா திடீர்னு?"

"உனக்குத் தெரியாதா? நீங்க அங்க அந்தம்மாவுக்குத் தண்ணி கொடுக்கலையாமே. இங்க எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க. சூப்பர்க்கா."

போனை வைத்த பிறகும் அந்தச் 'சூப்பர்க்கா' காதில் இருந்தது. அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த எச்சில் கோப்பைக்காக யாரைப் பணயம் வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலும், வெதுவெதுன்னு கொண்டுவா என்ற குரல் எரிந்துகொண்டுதான் இருந்தது. பயம் வந்தால் பொறாமை போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு இரண்டும் வந்ததில்லை.

மறுநாள் தூதரகக் குடும்பங்களுக்கான விமான நிலையப் பாஸ்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. டிரைவர் கொண்டுபோகிற வேலை. அவளே போனாள்.

தூதரம்மா வீட்டில் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. தூதரம்மாவே ஒரு நாற்காலியில் இருந்த புத்தகங்களை இறக்கி அவளை உட்காரச் சொன்னார். ஒரு டம்ளரைக் கொண்டுவந்து வைத்தார்.

"வெந்நீர்தான் இருக்கு. பரவாயில்லையா?"

அவளுக்குக் காதில் புகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு மேசையில தண்ணி இல்ல" என்று ஆரம்பித்தாள்.

"பார்த்தேன்."

"அது எங்க அரசாங்கம் எடுத்த முடிவு இல்ல. நான் எடுத்தேன். யாரும் சொல்லல."

தூதரம்மா புருவத்தைச் சுருக்கினார். "யானைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனா நீங்களா? நீங்க ஒரு நாற்காலிய விரக்கடை தள்ளிப் போட்டாலே, என்ன அர்த்தம்னு நாங்க ரெண்டு நாள் மண்டைய உடைச்சுக்குவோம். நீங்க தண்ணி வைக்க மறந்தேன்னு சொன்னா எப்படி நம்பறது?"

"மறக்கல."

"அப்புறம்?"

அவள் எத்தனையோ நாட்டுத் தலைவர்களை வரவேற்றவள், வாய் தடுமாறியதே கிடையாது. இப்போது வந்த வாக்கியம் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"அவர் காபியில நீங்க சர்க்கரை போடக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

தூதரம்மா அவளையே பார்த்தார். பிறகு ஒரு அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லைங்க" என்றார் மெதுவாக.

"ஒண்ணும் இல்லாமலா அவ்வளவு சிரிப்பு?"

உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். தூதர்களுக்கு அது பழக்கம்தான். ஆனால் தூதரம்மா யோசித்தார். "சிரிப்பு இருக்கு. அதை இல்லைன்னு சொல்லமாட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. அதற்கு மேல் ஏதாவது இருந்திருந்தால் சண்டை போட்டு ஒரு முடிவுக்குக் கொண்டுவரலாம். வெறும் சிரிப்பை வைத்துக்கொண்டு யாரிடம் போய் முறையிடுவது?

"என் தம்பி மேட்டு மேல இருக்கான்" என்றாள். "உங்க தலைநகருக்கு எழுதுங்க. ஒரு பொம்பளை வயித்தெரிச்சல்ல பண்ணினான்னு எழுதுங்க. என் வேலை போனாப் போகட்டும்."

"எழுதினா தந்திரம்னு சொல்வாங்க. உங்க அமைச்சர் வேற அது தன் முடிவுன்னு டிவில மார்தட்டிட்டார். உங்க வேலையும் போகும், உங்க வீட்டுக்காரர் பேரும் என் பேரும் நாறும், பீரங்கி அங்கயே நிக்கும்." தூதரம்மா டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "மேசை போட்ட முடிச்சை மேசைதான் அவிழ்க்கணும். மேல ஒரு படி இருக்கு, ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"என் வீட்டுக்கா?"

"உங்க வீட்டுக்குத்தான். கூப்பிட வேண்டியதும் வீட்டுக்காரம்மாதான். அதுதானே முறை? கூப்பிட்டா நான் பெட்டி கட்டுறதை நிறுத்திட்டு, அழைப்பு வந்திருக்குன்னு எழுதுவேன். அதை எங்க ஆளுங்க நம்புவாங்க."

வெந்நீர் ஆறிப்போயிருந்தது. அவள் அதைக் குடிக்காமல் எழுந்தாள்.

செயலாளரிடம் அனுமதி கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுக்கா? இந்த நேரத்துலயா? யார் சொன்னது?"

"மேலிருந்து சார்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை அவள் அதுவரை பார்த்ததில்லை. "அப்பாடா. இறங்க வழி தெரியாம எல்லாரும் மரத்து மேல உக்காந்திருந்தோம். மேல யாருக்கோ புத்தி வந்துருச்சு" என்று ஒப்புதல் கொடுத்தார். எந்த மேல் என்று கேட்கவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நிஜமாவா? நீயா கூப்பிடுற?"

"துறை கூப்பிடுது. நான் காபி போடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார். அலமாரியின் உச்சியிலிருந்து, அவள் பிறந்த வீட்டுச் சீதனமாக வந்த கோப்பைகளை அவரே இறக்கித் துடைத்தார். அந்த வீட்டில் அவர் ஒரு கோப்பையைத் துடைத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் டேப்பை எடுத்தாள். மேசையின் இரு முனையில் போட்டால் அது சம்பிரதாயம். எதிரெதிரே போட்டால் வியாபாரம். மூலையை ஒட்டி, முழங்கை படுகிற தூரத்தில் போட்டால் நட்பு. அவளைத் தவிர வேறு யாராவது அந்த அறையை ஏற்பாடு செய்திருந்தால், தெரியாமல் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்கள். அவளுக்குத் தெரியும். தன் புருஷன் நாற்காலியை இழுத்து, அந்த இன்னொரு நாற்காலிக்குப் பக்கத்தில், முறை சொல்லும் அளவுக்குச் சரியாகப் போட்டாள். டேப்பைச் சுருட்டும்போது விரலை அறுத்துக்கொண்டாள்.

தூதரம்மா வந்தார். மேசையைப் பார்த்தார். காபி, பிஸ்கட், மூடி போட்ட ஜாடியில் வெதுவெதுப்பான தண்ணீர். நாற்காலிகளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

பேசினார்கள். கோபுரத்தைப் பாதியில் நிறுத்தலாமா, கூடாரத்தைப் பின்னுக்கு எடுக்கலாமா, யார் முதலில் என்று கேட்டால் யாருமே முதலில் இல்லாத மாதிரி எப்படிச் செய்வது. நடுவில் யாரோ பழைய ஆசிரியரைப் பற்றிப் பேச்சு வந்தது, அந்தச் சிரிப்பும் வந்தது, இந்தத் தடவை கதவு இல்லாமல். தூதரம்மாவின் கை பேச்சுவாக்கில் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் போய், பாதியில் நின்றது.

கணவர் அவளைப் பார்த்தார். தூதரம்மாவும் பார்த்தார். மேட்டில் தம்பி இருக்கிறான்.

"போடுங்க" என்றாள் அவள். "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் குடித்தார். சுளிக்காமல், சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். குடித்துவிட்டு உற்சாகத்தில், "எனக்கு ஒண்ணுதான் இன்னும் விளங்கல. அன்னைக்கு அந்தத் தண்ணிய எடுக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்றார்.

அவள் கையில் தட்டு. தூதரம்மா அவள் பக்கம் திரும்பாமல், தன் டம்ளரை எடுத்து நிதானமாக முழுக்கக் குடித்தார்.

"யாரா இருந்தா என்ன? அன்னைக்கு எனக்குத் தாகமே இல்ல."

அதைவிடக் காட்டிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி இந்தத் தூதரம்மாவைத் திட்டக்கூட முடியாது என்று அவளுக்கு அழுகை வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு பீரங்கி நகர்ந்துவிடாது. அடுத்த ஞாயிறும் தூதரம்மா வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அமைச்சர், வீட்டு விருந்து தன் யோசனை என்று பேட்டி கொடுத்தார். அவள் ஒவ்வொரு வாரமும் டேப்பை எடுத்து, அதே நாற்காலிகளை அதே தூரத்தில் போட்டாள்.

அப்படி ஒரு ஞாயிறு, அவள் ஜாடியை நிரப்ப உள்ளே வந்தபோது போன் அடித்தது.

"அக்கா, நான்தான். கீழ இறங்கிட்டோம். அவங்களும் இறங்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை லீவுல வர்றேன்."

"சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

"ம். ஏன் ஏறச் சொன்னாங்க, ஏன் இறங்கச் சொன்னாங்கன்னு இங்க ஒருத்தனுக்கும் தெரியலக்கா. கேட்டா மேலிருந்து உத்தரவுங்கிறாங்க."

கூடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து எதற்கோ சிரித்தார்கள். அவள் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. கீழே ஊற்றிவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்தாள்.